உன் இடது கண்ணைக் கெடுத்தது யார்

தம்பி,

இதைப் பிரிக்கும்போது சுகன்யா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும். மறைத்துப் படிக்க வேண்டாம். நம் வீட்டில் மறைத்தது போதும். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் நம்பரைப் போட்டேன். நீ எடுத்து, "என்னப்பா, சாப்ட்டீங்களா?" என்றதும், "சாப்ட்டேன்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு வாய்க்கென்ன குறைச்சல் என்று நினைப்பாய். ஊர்க்கதை பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். சொந்தத் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. காகிதத்துக்கு முகம் கிடையாது, அதனால் இதில் எழுதுகிறேன்.

போன மாதம் குரும்பலூரில் உன் மாமனார் வீட்டில் வளைகாப்பு நடந்ததே, அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். உன் அம்மா தன்னுடைய பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, குழந்தைக்கென்று சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். பத்து நாள் வேலை அது. அந்த மூட்டையைச் சுகன்யா கையில் கொடுக்கப் போனபோது நீ நடுவில் வந்தாய். "அம்மா, இப்பவே சொல்லிடுறேன். பாப்பா பொறந்தா நீ அதும்மேல கை வைக்கக் கூடாது. கை வைத்தியம், பால ஊத்துறேன், எண்ணெ தடவுறேன்னு எதும் வேணாம். நான் பட்டது போதும்" என்றாய். பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற பையன் கூட ஊற்றாமல் நின்றான். உன் அம்மா, "சரிப்பா" என்றாள். மூட்டையை மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குரும்பலூரில் டவுன் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, அரியலூரில் மாறி ஊர் வந்து சேரும் வரை அந்த மூட்டை அவள் மடியிலேயே இருந்தது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

நீ சொன்னதில் உன் தப்பு எதுவும் இல்லை. உனக்குச் சொல்லப்பட்டதை வைத்துத்தான் நீ பேசினாய். பிறந்த மூன்றாம் நாள் உன் கண்ணில் அம்மா தாய்ப்பாலை ஊற்றினாள், அதில் புண் வந்து இடது கண் வெள்ளை விழுந்துவிட்டது என்றுதான் உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரே சொல்லியிருக்கிறது. அது பொய், தம்பி. உன் கண்ணைக் கெடுத்தது பாலும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. நான்தான் கெடுத்தேன். இந்த வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது மீதியைச் சொல்கிறேன்.

நீ அம்மா வயிற்றில் ஐந்து மாதம். எனக்கு அப்போது வடக்கே சிமென்ட் லோடு. போக வர இருபது நாள் ஆகும். வண்டியில் கூட வந்தவர்கள் செய்ததை நானும் செய்தேன். அவர்கள் கூப்பிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, எனக்குக் கால் இல்லையா, நடந்துதானே போனேன். திரும்பி வந்த சில நாளில் சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிந்தது, சீழ் வந்தது. ஊரில் வெட்டை என்பார்கள், டாக்டர்கள் கொனோரியா என்பார்கள். லாரி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவர் இருந்தார். படித்த டாக்டரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருக்கே தெரிந்திருந்தது, "வூட்டுக்காரம்மாவையும் கூட்டியாங்க, அவங்களுக்கும் மருந்து குடுக்கணும்" என்றார். ஊசி போட்டேன், எரிச்சல் நின்றது. எரிச்சல் நின்றதும் அவர் சொன்னதும் நின்றுபோனது. நிறைமாதமாகப் போகிறவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆண்களுக்கு எரிகிற மாதிரிப் பெண்களுக்கு எரிவதில்லை, பல பேருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் சாப்பிட்டாள், வேலை செய்தாள், உன்னைச் சுமந்தாள். வெளியே எதுவும் தெரியவில்லை.

நீ ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாய். பிறக்கும்போது உன் கண்கள் எவ்வளவு தெளிவாக இருந்தன தெரியுமா? இரண்டு கண்ணையும் அகலத் திறந்து என்னைப் பார்த்தாய். அப்படிப் பார்த்தது எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உன் அம்மாவுக்கும் நினைவிருக்கிறது. மறுநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் உன் இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டன. துடைத்தால் மஞ்சளாகச் சீழ் வந்தது, துடைக்கத் துடைக்க வந்தது. பிரசவத்துக்குத் துணையாக ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த உன் அத்தை, "கண்ணுல சூடு பூந்திருக்கு, ரெண்டு சொட்டு தாய்ப்பால ஊத்து, சரியாப்பூடும்" என்றாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். உன் அம்மா ஊற்றினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வீடு வீடாகப் பார்க்க வரும் நர்ஸம்மா வந்தார். உன் இமையை விலக்கிப் பார்த்த அந்த நிமிஷமே அவர் முகம் மாறிவிட்டது. "இது சாதாரண கண் வலி இல்ல. இன்னிக்கே அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் போங்க, டாக்டர் உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேப்பாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குப் புரிந்துவிட்டது. என்ன கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டது. தம்பி, நன்றாகக் கேட்டுக்கொள். உனக்கு என்ன நோய் என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்க முடியும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னதும் நான் ஒருவன்தான். "பச்ச ஒடம்புக்காரிய, தீட்டு கழியாம பஸ்ல ஏத்தச் சொல்றீங்களா? நான் மருந்து வாங்கியாரேன்" என்று சத்தம் போட்டேன். தீட்டைப் பற்றி அதற்கு முன்பு நான் கவலைப்பட்டதே கிடையாது. ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறிப் போய் மெடிக்கலில் கண்ணுக்கு என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தேன். யாருக்கு, என்ன வயது என்று அவர்கள் கேட்டதற்கு, எனக்குத்தான் என்று சொன்னேன்.

அந்தச் சொட்டு மருந்தில் இரண்டு நாள் போனது. அந்த நோய்க்கு இரண்டு நாள் என்பது ரொம்ப அதிகம். நீ அழுதுகொண்டே இருந்தாய், கடைசியில் அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகினாய். நான் லோடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். லோடு இருந்தது உண்மை. வேறு டிரைவர் போயிருக்கலாம் என்பதும் உண்மை.

நான் போன மறுநாள் காலை, பிரசவம் ஆகி ஆறே நாள் ஆனவள், உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல் தாண்டினாள். உன் அத்தை தடுத்திருக்கிறாள். "தீட்டோட எங்கடி போற? அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கத்தியிருக்கிறாள். "அவரு வர்ற வரைக்கும் இவன் கண்ணு இருக்காது அண்ணி" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறாள். பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே அரியலூர் போயிருக்கிறாள். இப்போது நீ உலகத்தைப் பார்க்கிற வலது கண் அந்த பஸ்ஸில் போய்ப் பிழைத்த கண். இதை உனக்கு யாரும் சொன்னதில்லை. பால் ஊற்றிய கதையை மட்டும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். கண்ணில் வந்த சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் வரை காத்திருக்காமல் உன்னை எடை போட்டு, அந்த எடைக்குத் தக்க அளவில் தொடையில் ஒரு ஊசி போட்டார். செஃப்ட்ரியாக்சோன் என்று அதற்குப் பெயர். உப்புத் தண்ணீரால் மணிக்கு ஒரு தடவை கண்ணைக் கழுவச் சொன்னார். கழுவியது உன் அம்மா. நர்ஸ் காட்டிக் கொடுத்த மாதிரி, உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு, ஒரு கண்ணில் ஓடிய தண்ணீர் இன்னொரு கண்ணில் படாமல். அவள் தூங்கவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரி பிறகு என்னிடம் சொன்னாள். "வெறும் சொட்டு மருந்து இதுக்குப் பத்தாதும்மா, ஊசி ஒடம்புக்குள்ள போனாத்தான் கேக்கும். மொத நாளே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றாராம் டாக்டர். வலது கண்ணில் வீக்கம் வடிந்து கருவிழி தெளிவாகத் தெரிந்தது. இடது கருவிழி அதற்குள் புண்ணாகி ஓட்டை விழுந்துவிட்டிருந்தது. அந்த இடம் ஆறி வெள்ளையாகிவிட்டது.

சேதி கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். என்னை விடச் சின்னவர், ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. உங்களுக்கு எப்பவாவது நீர் போற எடத்துல எரிச்சல், சீழ் வந்துச்சா?" நான், "அப்டியெல்லாம் ஒன்னும் இல்லீங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று செய்தேன். அவர் அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு, "இருக்கோ இல்லையோ, நீங்களும் உங்க மனைவியும் மருந்து எடுத்துக்கத்தான் வேணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எடுத்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் நோய் அப்போதே தீர்ந்தது. அம்மாவுக்கு ஊசி போடும்போது, "தெம்புக்குப் போடுற ஊசி" என்று சொன்னேன். "சரிங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் சரிங்க சொல்வாள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும், "பாலை ஊத்திக் கண்ணைக் கெடுத்துட்டா" என்று முதலில் சொன்னது உன் அத்தை. ஊற்றச் சொன்னதும் அவள்தான் என்பதை அவளும் மறந்தாள், கேட்டவர்களும் கேட்கவில்லை. உன் அம்மா தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் வண்டிக்குத் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன், மடித்துக்கொண்டே இருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்குப் பிறகு அவள் அந்த மாதிரி என்னைப் பார்த்ததே இல்லை.

நீ போலீஸ் தேர்வுக்குப் போய், ஓட்டம், உயரம் எல்லாம் தேறி, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தாயே, அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு அணு அணுவாக நினைவிருக்கிறது. "ஒன்னாலதாம்மா எல்லாம், நீ பாலை ஊத்துனதாலதான்" என்று அவளைப் பார்த்துக் கத்தினாய். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ரசத்துக்குக் கொஞ்சம் உப்பு கேட்டேன். அவள் அழுதுகொண்டே உப்பு கொண்டுவந்து வைத்தாள். செய்தவற்றிலேயே எதை நினைத்து அதிகம் வெட்கப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், வடக்கே போன பயணத்தைச் சொல்ல மாட்டேன். அந்த உப்பைத்தான் சொல்வேன்.

உன் பயம் எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் உன் பிள்ளைக்கும் இது வருமோ என்று நினைப்பாய். கலங்காதே. இது ரத்தத்தில் பரம்பரையாக வருவது இல்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டுவது, தாய்க்குப் புருஷன் கொண்டுவந்து கொடுப்பது. உனக்கு அப்போதே குணமாகிவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசிக்காமல் கேள். சுகன்யாவுக்குப் பரிசோதனை என்று டாக்டர் சொன்னால் வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருக்காதே, உனக்கும் எடுக்க வேண்டுமா என்று நீயாகக் கேள். குழந்தை பிறந்த சில நாட்களில் கண் வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ மெடிக்கலுக்கு ஓடாதே, ஒரு வேளை சோறு கூட உண்ணாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. நல்ல நேரம், தீட்டு, லோடு எதுவும் குறுக்கே வரக் கூடாது. டாக்டர் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல். அவர்கள் மருந்து கொடுப்பதே நாம் சொல்வதை வைத்துத்தான். எனக்கு அவமானம் ஒரு அரைமணி நேரம் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக உன் கண்ணைக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் போய் உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருமகளும் இருந்தாள், இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அத்தை முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "இத்தன வருசம் கழிச்சு இப்ப எதுக்குடா இத சொல்ற?" என்றாள். "இப்பயும் சொல்லாட்டி எப்பக்கா சொல்றது" என்றேன். பிறகு, "பால ஊத்தச் சொன்னது நான்தானேடா... அவ ஒரு தடவ கூட அத சொல்லிக் காட்டலியே" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் எண்பது ஆகப் போகிறது, தம்பி. அவளிடம் கோபப்படாதே. என்னிடம் படு.

அங்கிருந்து வந்து உன் அம்மாவிடம், "அவனுக்கு எழுதப் போறேன், எல்லாத்தையும்" என்றேன். முதல் தடவையாக அவளிடம் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்ங்க" என்றாள். "அன்னிக்கே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே." இருபத்தொன்பது வருஷம் முன்பு, ஊசிக்கு அவள் சொன்ன சரிங்க எனக்கு அப்போதுதான் கேட்டது. "ஏன் ஒரு வார்த்த கூட கேக்கல?" என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். நான் அவள் முன்னால் அழுதேன். அவள் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

அவளுடைய தகரப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். சாவியைத் தாலிக்கயிற்றில் ஊக்கில் மாட்டிக்கொண்டு திரிவாள். "அதுல என்ன புதையலா வச்சிருக்க?" என்று நீயும் நானும் கிண்டல் செய்வோம். அன்று அந்தப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கு டீசல் பில் படிக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும், எழுத்துக் கூட்டிப் படித்தேன். நோயின் பெயர் இருக்கிறது, ஊசியின் பெயர் இருக்கிறது, கீழே ஒரு வரி இருக்கிறது: தகப்பனார் தனக்கு எந்த நோயும் இல்லை என்கிறார். "இதயும் வச்சு அனுப்புங்க" என்றாள். எப்போதிருந்து பூட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அவன் எட்டாவதுல இங்கிலீஷ் நல்லா படிக்க ஆரம்பிச்சான்ல, அப்பலேர்ந்து. அவன் கண்ணுல இது பட்டா உங்கள அப்பான்னு கூப்புடுவானா?" என்றாள்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னை அப்பா என்று கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம், அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று குரும்பலூரில் எத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துக் கை வைக்காதே என்றாயோ, அத்தனை பேர் முன்னால் உன் பிள்ளையை அவள் கையில் கொடு. என்ன நடந்தது என்று அவர்களிடம் நான் சொல்கிறேன், அது உன் வேலை இல்லை. பெட்டியை அவள் இப்போது பூட்டுவதில்லை. நீ வேண்டாம் என்ற துணிகளை அதில்தான் மடித்து வைத்திருக்கிறாள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு நடை வந்து அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போ.

உன் அப்பா